ஆறாம் பங்கு

இந்த ஆண்டு மே முதலாம் திகதி வெள்ளிக்கிழமையில் வந்தது. விடுமுறை என்பதால் உரும்பிராயிலிருந்து நான் ஏறிய பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இறங்கி, கொடிகாமம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஓட்டோவில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி பத்து நிமிடம்.

ஓய்வுபெற்ற பிறகு நான் தோட்டக் கிணறுகளைப் பற்றிக் குறிப்பெடுத்து வருகிறேன். எந்த ஆண்டு வெட்டியது, எந்த ஆண்டு கட்டியது, எத்தனை குடும்பத்துக்குப் பங்கு என்பதெல்லாம். என்னோடு ஒரே கந்தோரில் வேலை பார்த்த நண்பரின் ஊர் இது. ஒழுங்கையின் ஒரு முனையில் பிள்ளையார் கோயில், மறுமுனையில் பள்ளிவாசல். இடையே தோட்டங்கள். தோட்டங்களின் நடுவே ஒரு பங்குக் கிணறு. பங்காளர்கள் ஆளுக்கொரு நாள் முறைவைத்து அதில் இறைக்கிறார்கள். வருடத்தில் ஒருமுறை எல்லோரும் கூடித் தண்ணீரை வற்ற இறைத்து, அடியில் படிந்த சேற்றை அள்ளுவார்கள். பாதிப்பேர் இப்போது அரச உத்தியோகம் பார்ப்பதால் அதற்கு மே தினம்தான் தோது.

"தொழிலாளர் தினத்திலை எங்களைப் போட்டு முறிக்கிற ஒரே முதலாளி இந்தக் கிணறுதான்" என்றார் நாலாம் பங்குக்காரர். மிளகாயும் வெங்காயமும் செய்கிறவர், வாய் ஓயாதவர். தண்ணீர் இறைக்கும் இரண்டு மெசின்கள் ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தன.

"கதையை விட்டிட்டு ஏணியை இறக்கு. ஜும்ஆவுக்கு முன்னம் முடிக்கவேணும்" என்றார் முதலாம் பங்குக்காரர். எண்பதைத் தாண்டியவர், நெற்றி நிறையத் திருநீறு. அவர் அவசரப்பட்டது ஐந்தாம் பங்குக்காரருக்காக. இந்த ஐந்தாமவர் கொடிகாமத்தில் தையல்கடை வைத்திருக்கும் முஸ்லிம். வெள்ளிக்கிழமைப் பகல் தொழுகைக்குப் போகவேண்டியவர்.

இதற்கு முன்னர் முதல்முறை இந்த ஊருக்கு வந்தபோது நான் பார்த்தது ஐந்து பங்காளர்களை. ஆனால் முறை ஆறு நாளுக்கு ஒருதடவைதான் திரும்பி வந்தது. ஆறாம் நாள் ஊற்று ஊறுவதற்காகக் கிணற்றுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டி, முன்னோரின் நீர் அறிவு என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். இந்த மே தினக் காலையில் கிணற்றடியில் நின்ற நண்பரிடம் அதைக் கொஞ்சம் பெருமையோடு சொன்னேன். நாலாம் பங்குக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"கிணத்துக்கும் லீவோ? சம்பளத்தோடையோ, சம்பளம் இல்லாமலோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நண்பர் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னார். ஆறாம் நாளுக்கும் ஒரு குடும்பம் இருந்தது. 1990 ஒக்டோபரில் குடாநாட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது போனவர்கள். ஐந்தாம் பங்கு யுத்தம் முடிந்ததும் திரும்பியது. ஆறாம் பங்கு திரும்பவில்லை.

"இப்ப வந்திருக்கினம். அங்கை பாரும்."

பூவரச மரத்தின் கீழ் ஒரு பெண் நின்றார். நாற்பதைத் தாண்டியிருக்கும், தலையில் முக்காடு. பக்கத்தில் அவருடைய கணவர், புத்தளத்துக்காரர். வெளியேற்றப்பட்டபோது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. தகப்பன் புத்தளத்தில் காலமாகிவிட்டார். தகப்பனின் காணியில் தகரக் கொட்டில் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. தோட்டம் செய்துதான் சீவிக்கவேண்டும்.

"தண்ணி முறை இல்லாட்டில் அந்தத் தரையிலை பூண்டும் முளைக்காது" என்றார் நண்பர். "கிணத்துப் பங்கு காணி உறுதிப் பத்திரத்திலைதான் எழுதியிருக்கும். உறுதி அந்த ஓட்டத்திலை துலைஞ்சுபோச்சு. பங்கு இருக்கெண்டு இனி ஆர் சொல்லுறது?"

எட்டரைக்கு மெசின்களை நிறுத்தினார்கள். கிணற்றின் அடியில் கறுப்புச் சேறு மினுங்கியது. இரண்டு பேர் உள்ளே இறங்கினார்கள். முதல் வாளிகளை இழுப்பதற்கு இங்கே ஓர் ஒழுங்கு உண்டு. முதலாம் பங்குக்காரர் பங்கின் இலக்கத்தைக் கூப்பிடுவார். கூப்பிட்ட பங்கின் ஆள் வந்து கப்பிக் கயிற்றைப் பிடித்து ஒரு வாளி சேறு இழுக்கவேண்டும். அதன் பிறகுதான் பொது வேலை.

தன் வாளியை அவரே இழுத்தார். பிறகு இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாம் பங்குக்குத் தையல்கடைக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார்.

"ஆறாம் பங்கு!"

நண்பர் என் காதருகே சொன்னார். ஒவ்வொரு வருடமும் கிழவர் இப்படிக் கூப்பிடுவார். கொஞ்சம் பொறுப்பார். "வருவினம்" என்று தானே சொல்லி, அந்த வாளியையும் தானே இழுப்பார். ஐந்தாம் பங்கு திரும்பி வரும்வரை அதற்கும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு இந்தத் தென்மராட்சிப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது இவர்களே ஊரில் இல்லை. திரும்பி வந்து முதல் தடவை சேறு அள்ளியபோதும் ஆறாம் பங்குவரை கூப்பிட்டார்.

நான் ஓய்வு என்று எழுதிய நாள் ஒரு குடும்பத்துக்காக முப்பத்தைந்து ஆண்டுகள் காத்துக் கிடந்திருக்கிறது.

இந்தமுறை கிழவர் "வருவினம்" என்று சொல்லவில்லை. கயிற்றையும் தொடவில்லை. பூவரசடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. தையல்கடைக்காரர்தான் சொன்னார்:

"பிள்ளை, உன்ரை வாப்பாவைத்தான் கூப்பிடுறார்."

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்கு வந்தார். "வந்திட்டம், ஐயா."

"அதுசரி அண்ணை, உறுதி?" என்றார் நாலாம் பங்குக்காரர். இப்போது சிரிக்கவில்லை. "நாளைக்கு இன்னொருத்தர் வந்து நான்தான் ஆறாம் பங்கு எண்டால் என்ன செய்யிறது? எல்லாருக்கும் பொதுவாய்த்தான் கேக்கிறன்."

"இவ்வளவு காலமும் நான் ஆருக்கு ரெண்டாவது வாளி இழுத்தனான்? அப்ப நீ உறுதி கேட்டனியோ?"

மெசின் ஆறி டிக் டிக் என்றது. பிறகு நாலாம் பங்குக்காரரே கயிற்றை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, ஒண்டை முதலே சொல்லிப்போடுறன். ரெண்டு வறட்சிக்கு உங்கடை நாளிலை நான் களவாய் இறைச்சனான். மிளகாய் கருகிச்சுது, வேறை வழி தெரியேல்லை."

"மிளகாய் தப்பிச்சுதோ?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"ஒருமுறை தப்பிச்சுது."

கணவர் உதவ வந்தார். "தம்பி, நீர் பொறும். பங்கு அவவின்ரை" என்று கிழவர் தடுத்துவிட்டார். அந்தப் பெண் தனியாகவே இழுத்தார். பாதியில் கயிறு வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி பிடித்தார். வாளி மேலே வந்ததும் சேறு அவருடைய பாவாடை முழுவதும் தெறித்தது. யாரும் கைதட்டவில்லை. அடுத்த வாளி இறங்கிவிட்டது. பதினொன்றரைக்குள் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை ஆகையால் கோயில் மடத்தில் மரக்கறிச் சமையல். தையல்கடைக்காரரும் அந்தப் பெண்ணின் கணவரும் தொழுகை முடிந்து வரும்வரை கிழவர் இலையில் உட்காரவில்லை.

சேறு அள்ளிய மறுநாள் முறை முதலாம் பங்கிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதன்படி ஆறாம் பங்கின் நாள் மே ஏழாம் திகதி வியாழக்கிழமை. என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. மறுபடியும் போனேன்.

புதிதாக வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் நகரவே மாட்டேன் என்றது. காய்ந்த மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டு வாய் திறந்தபடி கிடந்தது. கணவர் மண்வெட்டியோடு முன்னால் போக, அந்தப் பெண் தண்ணீரின் நுனியோடு பக்கத்திலேயே நடந்தார். அரை மணித்தியாலம் கழித்து அது முதல் பாத்திக்குள் இறங்கியது.

வேலிக்கு அப்பால் நின்ற கிழவரிடம் அந்தப் பெண் கேட்டார்: "ஐயா, எத்தினை மணிமட்டும் இறைக்கலாம்?"

"பொழுதுபடுமட்டும் இறை, பிள்ளை. இண்டைக்கு உங்கடை நாளெல்லோ."