சேந்தமங்கலம் சாலையில் ஒரு டீக்கடை

சேந்தமங்கலம் சாலையில் டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறேன். கடையின் முன்சுவர் புதிது, இன்னும் பூசவில்லை. உள்ளே மாலை போட்ட ஒரு பெண்ணின் படம். கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறேன்.

"என் சம்சாரமுங்க. போன மாசம் பிரேக் புடிக்காம ஒரு லாரி கடைக்குள்ள பூந்துருச்சுங்க."

"டிரைவர்?"

"அவரு மேல தப்பில்லைங்க. தூரத்துல இருந்தே ஹாரன்ல வெச்ச கையை எடுக்கல. டீ குடிச்சிட்டு நின்னவங்க எல்லாம் ஓடிட்டாங்க. இவளுக்குத்தான் காது கேக்காதுங்களே."

டீயை ஆற்றி டம்ளரை என் கையில் தருகிறார்.

"நான் பால் கேனோட ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு, ஓடு ஓடுன்னு கையை ஆட்டுனனுங்க. கூப்புடறேன்னு நெனச்சுக்கிட்டா. இரு வாரேன்னு சிரிச்சுக்கிட்டே சைகை காட்டுனா."

சர்க்கரை போதுமா என்று கேட்கிறார். தலையை ஆட்டுகிறேன்.