ஆறு தறியும் ஒரு கேள்வித்தாளும்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையின் கிழக்கே மருதமுனையில் எனக்குச் சொந்தமாக ஆறு தறிகள் ஓடின. எல்லாம் என் மூளை என்று சொல்லித் திரிவேன்.

ஒரு நோன்பு மாதம், வாத்தியார் ஒருவர் கேள்வித்தாளோடு வந்தார். எந்த நாட்டில் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், முன்னைவிடக் கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட்டு ஏதோ உலக அமைப்பு புத்தகம் போடப் போகிறதாம்.

“உங்கட மனிசிக்கு என்ன வேலை, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“பொண்டாட்டி உழைச்சா நான் தின்னுற? சும்மாதான் இரிக்கா. அப்படியே எழுதுங்க தம்பி.”

மறுநாள் ஆறு தறிகளும் நின்றன. பெருநாளைக்கு இடுப்பில் உடுக்கும் சாரனுக்குக் கடைக்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு தறிக்கும் நூல் சுற்றிக் கொடுக்கும் என் மனைவியோ ராட்டையைத் தொடாமல் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள்.

“நூல் சுத்தல்லையா புள்ள?”

“உலகமெல்லாம் பாக்கிற புத்தகத்தில நான் சும்மா இரிக்கன் எண்டு போட்டாச்சு. நோன்பு நாளையில உங்கள பொய்யனாக்கலாமா?”

கோபத்தில் நானே சுற்றினேன். நூல் சிக்கியது, அறுந்தது. பொறுக்க முடியாமல், எழுதியதை மாற்றச் சொல்ல, சைக்கிளை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடினேன்.

“தாளெல்லாம் கொழும்புக்குப் போயிட்டு, காக்கா. உங்கட தெருவில வீட்டுக்கு வீடு தறி. வேலை செய்யிற பொம்புள ஒராளும் இல்லையாம்!”

வீட்டுக்கு வந்து, “நான்தான் பொய் சொன்னன்” என்றேன். அவள் விசிறியை வைத்துவிட்டு ராட்டையடியில் போய் உட்கார்ந்தாள். சாரன்கள் பெருநாளுக்கு முன்பே கடைக்குப் போயின.

எங்கள் நாட்டில் வேலை செய்யும் பெண்கள் குறைவு என்று யாராவது பட்டியல் வாசித்தால், இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் குறைவில் ஒருத்தி என் மனைவி. குறைத்தவன் நான்.