ஜெயகௌரி வீட்டு வழிதிறப்பார்

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற இடத்தில், ரயில் பாதைக்குப் பின்னால் உள்ள வரிசை வீடுகளில் ஒன்றில் ஜெயகௌரி குடியிருந்தாள். காலையில் சாண்ட்விச் ஃபக்டரியில் ஷிப்ட், பிற்பகலில் சமையல், சனிக்கிழமை மகள் லக்‌ஷிகாவைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போவது என்று அவளுடைய நாட்கள் ஓடின. ஜெர்மனியிலிருந்து இடம் மாறி வந்த குடும்பம். வாசலில் சப்பாத்துகள் ஒரே நேராக அடுக்கியிருப்பதைப் பார்த்துத் தெருவில் உள்ளவர்கள் ஜெர்மன் ஒழுங்கு என்று பகிடி பண்ணுவார்கள். அவள் யாரைக் கும்பிடுகிறாள் என்பது மட்டும் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவளுக்கும் அவருக்குமான தொடர்பு லண்டனில் தொடங்கியதல்ல. கல்யாணத்துக்கு முன், ஊரைவிட்டுப் புறப்பட்டு வரும்போது, ஆட்களைக் கள்ளமாக எல்லை தாண்ட வைக்கிற ஏஜென்சிக்காரன் ஒரு கூட்டத்தைச் செக் நாட்டுக் காட்டு வழியாக ஜெர்மன் எல்லைக்கு நடத்திப் போனான். அதில் அவளும் ஒருத்தி. பனிக்குள் அவளுடைய கால் பிரண்டுவிட்டது. சத்தம் போடாதே, வந்து தூக்குவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. விடிகிற நேரம் பனிப்புகாருக்குள் ஒரு மிருகம் நின்றது. கறுப்பு. மெலிந்த நீளக் கால்கள், விறைத்து நிமிர்ந்த காதுகள். நாயென்றால் நாயில்லை, நரியென்றால் நரியுமில்லை. கொஞ்சத் தூரம் நடக்கும், நின்று திரும்பிப் பார்க்கும். அவள் மரங்களைப் பிடித்துப் பிடித்து அதன் பின்னால் போனாள். அந்தக் குளிரில் அவள் விட்ட மூச்சு புகையாகப் போனது. அதன் வாயிலிருந்து ஒரு துளிப் புகை வரவில்லை. தார் ரோட்டில் கால் வைத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. திரும்பிப் பார்த்தால் மரங்கள்தான் நின்றன.

கல்யாணமாகிச் சில வருடங்களுக்குப் பிறகு இதைப் புருஷன் நவரத்தினத்திடம் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வைரவர் வந்திருக்கிறார். வேற ஆர்?"

"வைரவரை எனக்குத் தெரியும்," என்றாள் ஜெயகௌரி. "சின்னனிலயிருந்து வடைமாலை கட்டிப் போட்டனான். இது வேற ஆள்."

யார் என்று அவளுக்கே தெரிந்தது, லண்டனுக்கு வந்து மூன்று நான்கு வருடங்கள் போன பிறகு. பள்ளிக்கூடத்தில் எகிப்து படிப்பிக்கிறார்கள் என்று லக்‌ஷிகா அரைத்தவணை விடுமுறையில் அவளைப் பெரிய மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை மம்மிகளைப் பார்க்க முன்னால் ஓடிவிட்டாள். ஜெயகௌரி ஆட்கள் குறைந்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அப்படியே நின்றாள். உள்ளே ஒரு கம்பத்தின் உச்சியில், நான்கு காலிலும் நின்றபடி, அதே காதுகளும் அதே மெலிவுமாக அந்த மிருகம். அவளுடைய பிரண்ட கால் அந்த இடத்திலேயே வலிக்கத் தொடங்கியது.

பக்கத்தில் மழைக்கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் தலை குனிந்து நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு ஜெயகௌரியைப் பார்த்தாள். மொறீன் என்று பேர் சொன்னாள்.

"உனக்கு இவரை முதலே தெரியும் போல இருக்கிறதே," என்றாள் ஆங்கிலத்தில்.

"ஒருதரம் கண்டிருக்கிறேன்," என்றாள் ஜெயகௌரி.

மொறீன் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அவருடைய பெயர் வெப்வாவெட் என்றாள். வழிகளைத் திறப்பவர் என்று அர்த்தம். படைக்கு முன்னால் போவார், அரசனுக்கு முன்னால் போவார், செத்தவர்களுக்கு முன்னாலும் போவார். லண்டனில் இந்தப் பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், நானும் ஒருத்தி என்று சொல்லித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தாள். பிரியும்போது இதையும் சொன்னாள்:

"கேட்டால் திறப்பார். ஆனால் எந்த வழியை என்று நீ அவருக்குச் சொல்ல முடியாது."

பிறகு மொறீன் ஒரு சின்னக் கறுப்பு உருவத்தைத் தபாலில் அனுப்பினாள். ஜெயகௌரி அதைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் வைத்தாள். காலையில் பார்த்தால் உருவம் வாசல் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திருப்பி வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே. லக்‌ஷிகா செய்கிறாளோ என்று கேட்டாள்.

"மம், ஐ டோன்ட் ஈவன் டச் இட். இட்ஸ் க்ரீப்பி," என்றாள் பிள்ளை.

கடைசியில் அதை வாசலுக்குப் பக்கத்தில், கரண்ட் மீற்றர் பெட்டிக்கு மேலே வைத்தாள். அதற்குப் பிறகு அது அசையவில்லை. தினமும் காலையில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர், ஒரு துண்டுப் பாண். மந்திரம் ஒன்றும் இல்லை. "வழிதிறப்பார்" என்று தமிழில் கூப்பிடுவாள். கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகும்போது "போட்டு வாறன்" என்பாள். பஸ்ஸில் இருக்கையில் பக்கத்து சீற் வெறுமையாக இருந்தாலும் யாரும் வந்து இருக்கமாட்டார்கள். நெரிசலிலும் இருக்கமாட்டார்கள். முதலில் அது அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பஸ் திரும்பும்போது அந்தப் பக்கத்துத் தோளில் ஒரு பாரம் மெல்லச் சாயும்.

நவரத்தினம் இதில் தலையிடவில்லை. பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை முடிந்து வரும்போது மீற்றர் பெட்டியைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். கேட்டால், "அது வைரவர்தான், நீர் பேரை மாத்தி வச்சிருக்கிறீர்," என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்தபோது அவளுடைய தங்கை கலாவதி வன்னியில் யுத்தத்துக்குள் அகப்பட்டிருந்தாள். புருஷன் இல்லை. மகள் கோசிகா மட்டும். மாசி மாதத்தோடு தொலைபேசி நின்றது. லண்டன் தமிழ்ச்சனம் எல்லாம் பார்லிமென்ற் சதுக்கத்தில் போய் நின்றது. ஜெயகௌரியும் போய்த் தொண்டை அடைக்கக் கத்திவிட்டு வருவாள். ஒரு நாள் அப்படி வந்து, கோட்டைக் கழற்றாமலே மீற்றர் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"இதுவரைக்கும் நான் ஒண்டும் கேட்டதில்லை," என்றாள். "கலாவுக்கு வழி திறந்து விடுங்கோ. அவ்வளவுதான்."

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. பின்கதவும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் காற்று நேராகப் போய்க்கொண்டிருந்தது. களவு ஒன்றும் போகவில்லை.

"பூட்டிப்போட்டுத்தானே போனனீர்?" என்றார் நவரத்தினம்.

"பூட்டினனான்."

அதன் பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவும் மூடி நிற்கவில்லை. அலுமாரி, குசினித் தட்டுக் கதவுகள், கழிவறை எல்லாமே, இழுத்துச் சாத்திவிட்டு முதுகைத் திருப்பினால் ஓசையில்லாமல் திறந்து நிற்கும். நவரத்தினம் ஆள் பிடித்துப் பூட்டை மாற்றினார். பூட்டுக்காரன் கதவையும் நிலையையும் தட்டிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் கதவு திறந்துகொண்டது. அவன் மிச்ச வேலையை முடிக்காமல் போனான். லக்‌ஷிகா சிநேகிதி வீட்டில் படிக்கிறேன் என்று சொல்லி அங்கேயே தங்கத் தொடங்கினாள். ஜெயகௌரிக்கு மட்டும் பயமில்லை. திறக்கிறார், கலா வரப்போகிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

வைகாசி மாதத்தில் ஒரு மத்தியானம். வெளியே நல்ல வெயில். குசினியில் பருப்பை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு உப்புத்தண்ணீர் மணந்தது. கடற்கரை மணமில்லை. சேறும் பாசியும் கலந்த களப்பு மணம், வன்னிப் பக்கத்துக் கடலேரியின் மணம். எட்டிப் பார்த்தாள். வாசலிலிருந்து கார்ப்பெற்றில் ஈரக் காலடிகள் உள்ளே வந்திருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடி விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. சாம்பல் நிறச் சேறு கார்ப்பெற்றில் ஊறிப் பரவியது. வலது காலின் சின்ன விரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. கலாவதியின் கால் அப்படித்தான். சின்ன வயதில் அதைச் சொல்லித்தான் அவளை அழப்பண்ணுவார்கள்.

காலடிகள் குசினிக்குள் வந்தன. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு கால்களும் சேர்ந்து ஒரு தரம் நின்றன. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. பிறகு பின்கதவைத் தாண்டிப் படியிலிறங்கிப் புல்லுக்குள் போய்விட்டன.

ஜெயகௌரி வேலி வரைக்கும் ஓடினாள். அங்கே ஒன்றுமில்லை. திரும்பி வந்து, முழங்காலில் நின்று, வாசலிலிருந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்தாள். தேடித் தேடிப் பார்த்தாள். ஒரு சோடிக் கால்கள்தான். பிள்ளையின் கால் இல்லை.

நவரத்தினம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"ஆர் வந்தது?"

"கலா. வந்திட்டுப் போட்டாள்." அவள் இன்னும் நிலத்தில்தான் இருந்தாள். "தனிய வந்தவள். கோசிகா உயிரோட இருக்கிறாள். நீங்கள் ஆரையாவது பிடிச்சு விசாரியுங்கோ."

அவர் குனிந்து சேற்றைத் தொட்டு முகர்ந்தார். அன்றைக்கு அவர் வைரவர் என்று ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மாலையே ஜெயகௌரி உருவத்தைத் துவாயில் சுற்றிப் படிக்கட்டுக்குக் கீழ் உள்ள சின்ன அறையில், வக்கூம் கிளீனருக்குப் பின்னால் தள்ளினாள். "இந்த வழியையா திறக்கச் சொன்னனான்?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து கதவுகள் மூடிக்கொண்டன. வாசல் கதவைத் திறக்க நவரத்தினம் தோளால் இடிக்க வேண்டியிருந்தது. குளியலறைக்குள் அவள் ஒரு பின்னேரம் முழுக்க அடைபட்டாள். ஜன்னல்கள் இறுகி வீட்டுக்குள் காற்று புளித்தது. சண்டை முடிந்து சனத்தை அடைத்து வைத்திருந்த முகாம்களுக்கு எடுத்த தொலைபேசி எதுவும் போய்ச் சேரவில்லை. கொழும்பில் தெரிந்த ஆட்கள் நாளைக்கு என்றார்கள், பிறகு போனையே எடுக்காமல் விட்டார்கள். கோசிகாவின் பேரை அறிந்தவர்கள் எவரும் அகப்படவில்லை. மொறீனுக்கு எடுத்தாள். அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது.

கோடை அப்படியே போனது. பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம், ஒரு காலை, அவள் படிக்கட்டின் கீழ்க் கதவைச் சுத்தியலால் நெம்பித் திறந்து துவாயை எடுத்தாள். துவாய் நனைந்திருந்தது. உருவத்தைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துத் தண்ணீரும் வைத்தாள்.

"எனக்குக் கோவம் தீரேல்லை," என்றாள். "தீராது. ஆனா பிள்ளை அங்க தனிய நிக்கிறாள்."

டம்ளரில் தண்ணீர் ஒரு தரம் நடுங்கி அடங்கியது. மேல்மாடியில் ஏதோ ஒரு ஜன்னல் தானாக விலகிய சத்தம் கேட்டது.

அந்தக் கிழமைக்குள் வவுனியாவிலிருந்து யோகராஜா என்ற ஒரு மாஸ்டர் போன் எடுத்தார். முகாமில் படிப்பிக்கிறவர். லண்டனில் பெரியம்மா இருக்கிறா என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டே இருக்கிறது, விசாரித்து விசாரித்து இந்த இலக்கத்தைப் பிடித்தேன் என்றார். பிள்ளையிடம் போனைக் கொடுத்தார்.

"பெரியம்மா," என்றது குரல். "அம்மா தண்ணிக்க விழுந்திட்டா. என்னைக் கரையில தள்ளிவிட்டிட்டா."

"தெரியும் குஞ்சு," என்றாள் ஜெயகௌரி.

கோசிகா வந்து சேர அதற்குப் பிறகும் நெடுநாள் பிடித்தது. வக்கீல், மனு, மறுப்பு, திரும்பவும் மனு. ஹீத்ரோவில் வந்திறங்கியபோது பிள்ளை பெரியம்மாவைவிட உயரமாக இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மீற்றர் பெட்டியைக் கண்டு நின்றாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இவர் ஆர்?"

ஜெயகௌரி பேரைச் சொன்னாள். எந்த நாடு, என்ன வேலை என்பதையும் சொன்னாள். கோசிகா திரும்பிக் கேட்டாள்.

"இவர் எங்களுக்கு என்ன முறை?"

நவரத்தினம்தான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டே சொன்னார்:

"வீட்டு ஆள் எண்டு வையும் பிள்ளை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவர்."

ஜெயகௌரி இப்போதும் காலையில் தண்ணீர் வைக்கிறாள், பாண் வைக்கிறாள். ஒரு நாளும் தவறவிடவில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதில்லை. கதைபேச்சு நின்றுபோன உறவுக்காரருக்குச் சாப்பாடு போடுகிற மாதிரி, டம்ளரை அவர் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறாள். பஸ்ஸில் பக்கத்து சீற் இன்னமும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துகொள்கிறாள்.