முசஃபாவிலிருந்து சிந்து நதி வரை

2006 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு, அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலிலிருந்து மினிபஸ் கிளம்பியது. அல் அய்ன் ஏறக்குறைய நூற்று ஐம்பது கிலோமீட்டர். அங்கே தமிழர்களின் பொங்கல் விழாவில் எங்கள் நாடகம்: செங்கிஸ்கான் மத்திய ஆசியாவின் குவாரிசம் பேரரசை வென்ற கதை. வெல்டர்களும் பெயின்டர்களும் மங்கோலியப் படை. ஸ்டோர்கீப்பரான நான்தான் செங்கிஸ்கான். நாடகத்தை எழுதியதும் நானே.

"பொங்கலுக்குச் சோழன் கதை போடாம இது எதுக்குங்க?" என்று விழாத் தலைவர் ஃபோனில் அலுத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்துட்டுச் சொல்லுங்க சார்" என்றிருந்தேன்.

வழியில் அல் கதீம் ஊரைத் தாண்டியதும் முருகேசன் ஃபோனில் அழைத்தான். பகையரசனின் மகன் ஜலாலுதீன் வேடம் அவனுக்கு. சைட்டிலிருந்து நேரே அல் அய்ன் வருவதாக ஏற்பாடு.

"அண்ணே, கான்கிரீட் ஓடிக்கிட்டிருக்கு. ஃபோர்மேன் விடமாட்டேங்கிறான். நான் இல்லாம போட்ருங்கண்ணே."

அவன் இல்லாமல் கடைசிக் காட்சியே இல்லை. வண்டிக்குள் ஆளாளுக்குப் புலம்பத் தொடங்கினார்கள்.

"க்யா ஹுவா, பாய்?" என்று, என்ன ஆச்சு என்பதை இந்தியில் கேட்டார் டிரைவர் குல் சமான். பாகிஸ்தானிலிருந்து வந்த நாற்பது வயதுப் பட்டாணியர். எனக்குத் தெரிந்த இந்தியில் கதையைச் சொன்னேன். மங்கோலியத் தூதரைக் குவாரிசம் அரசன் கொன்றதை, புகாராவும் சமர்கந்தும் விழுந்ததை, தப்பி ஓடிய அரசன் செத்ததை. மகன் மட்டும் சிந்து நதிக்கரை வரை நின்று போரிட்டான். சுற்றி வளைத்தபோது, கரையோர உயரப் பாறையிலிருந்து குதிரையோடு நதியில் பாய்ந்தான்.

குல் சமான் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "அந்தப் பாறை எங்க ஊர்ப் பக்கம்தான் இருக்கு" என்றார் இந்தியில். "நான் குதிக்கிறேன்."

"உங்களுக்குத் தமிழ் தெரியாதே?"

"குதிக்கிறதுக்கு எதுக்குத் தமிழ்?"

ஆறரைக்கு மேடை ஏறினோம். கூட்டம் சிப்ஸ் கொறித்தபடி அரட்டை அடித்தது. என் வசனம் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. புகாராவை நாங்கள் பிடித்தது பலருக்குத் தெரியவே தெரியாது.

பிறகு குல் சமான் வந்தார். ஒத்திகை இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. என் வீரர்கள் மூவரை நிஜமாகவே உருட்டிவிட்டார். மேடை விளிம்பில் நின்று, தன் மொழியில் ஏதோ முழங்கி, கீழே நதியாக இருவர் பிடித்து அசைத்த நீலத் தார்பாலினுக்குள் பாய்ந்தார். முன்வரிசை எழுந்துவிட்டது. ஒரு கையில் வாளோடு, மறு கையால் நீரைத் தள்ளித் தள்ளி நடந்தார். மறுகரை சேர்ந்ததும் திரும்பி, என்னை நோக்கி வாளை உயர்த்தினார்.

அரங்கில் இப்போது ஒருவரும் சிப்ஸ் கொறிக்கவில்லை.

"வில்லைத் தாழ்த்துங்கள்!" என்று அவரைக் குறிபார்த்த என் வீரர்களிடம் கத்தினேன். "பிள்ளை என்றால் இவனல்லவா பிள்ளை!"

இந்த முறை என் குரல் கடைசிச் சுவர் வரை போனது. கைதட்டலும் விசிலும் ஓயவில்லை. தலைவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோழனை அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்றார்.

கிளம்பும்போது டிரைவர் ஜன்னலைக் கூட்டம் மொய்த்தது. ஒரு அம்மா அவர் கையில் டப்பா நிறையச் சர்க்கரைப் பொங்கலைத் திணித்தார். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து நாடகங்களில் ஜெயித்த ராஜாவுக்குத்தான் மாலை விழும். இங்கே தோற்றவரைக் கொண்டாடினார்கள். பாதி உலகத்தை வென்ற நான், ஒட்டுமீசையோடு ஓரமாக நின்றேன்; மனசெல்லாம் பூரிப்பு.

"யல்லா, கான் சாஹிப், ஏறுங்க!" என்று ஹாரன் அடித்தார் அந்தப் பட்டாணியர்.