ஆடுகள் நக்கிய மண்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. திருச்செங்கோட்டு மலை எட்டத்தில் தெரியும் மேட்டுக்காடு எங்களுடையது; காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். முப்பது செம்மறிகள் இருந்தன. சித்தப்பாதான் மேய்ப்பார். கையில் தடி இருக்கும்; ஆட்டின் மேல் அது பட்டு நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்கு உப்பு வேண்டும். கல்லுப்பைப் புற்றுமண்ணோடும் கொஞ்சம் சுண்ணாம்போடும் பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைத்து, காட்டின் வடகோடியில் இருக்கும் பாறைமேல் வைத்துவிடுவோம். மேய்கிற ஆடுகள் நினைத்தபோது வந்து நக்கிக்கொள்ளும். அந்தக் கோடையில் உப்பு வண்டி வரவேயில்லை. வீட்டில் ஒரு சின்னப் பானை உப்புதான் மிச்சம். ஆடுகள் கொஞ்ச நாள் வெறும் பாறையை நக்கிப் பார்த்தன. பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டன.

ஒரு நாள் உச்சி வெயிலில் சித்தப்பாவுக்குக் கம்மங்கூழ் கொண்டுபோனேன். காடு சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு குட்டிகூடக் கத்தவில்லை. தெற்கு மூலையில் வெள்வேல மரத்தடியில் முப்பது ஆடுகளும் வட்டமாக நெருக்கி, தலை குனிந்து நின்றன. கிட்டே போன பிறகுதான் சத்தம் கேட்டது. சரக் சரக்கென்று, நாக்குகள் மண்ணை அரைக்கும் சத்தம். கைதட்டினேன். கல் எறிந்தேன். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

வேலி அடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா என் கூச்சல் கேட்டு ஓடிவந்தார். அந்த இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. தடியை எடுத்து ஆடுகளை அடித்தார். கண்மண் தெரியாமல் அடித்தார். கிளுவை முள்ளை வெட்டிவந்து அந்த மண்மேல் குவித்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஊட்ல ஒண்ணும் சொல்லாத சாமி" என்றார்.

மறுநாள் போனபோது முள்குவியல் கலைந்து கிடந்தது. ஆடுகளின் வாயெல்லாம் ரத்தம். ரத்தம் ஒழுக ஒழுக நக்கிக்கொண்டிருந்தன. பக்கத்துக் காட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, "இந்த எடத்துல என்னமோ இருக்குதுங்க. ஒரு கெடா வெட்டிப்போடுங்க" என்றார். சித்தப்பா ஆடுகளை விரட்டிக்கொண்டு போனார்.

நான் மட்டும் அங்கே நின்றேன். நாக்குகள் தோண்டிய குழி ஈரமாக, வழவழப்பாக இருந்தது. உள்ளே கை விட்டேன். ஏன் அப்படிச் செய்தேனோ, விரலை வாயில் வைத்துப் பார்த்தேன்.

வீட்டில் சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி, சுவரைப் பார்த்தபடி பாயில் கிடந்தாள். தை மாதத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பாப்பா அப்புச்சி ஊரில், சின்னம்மாவின் அப்பா வீட்டில், வளர்கிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். தாய் இங்கே, பிள்ளை அங்கே ஏன் என்று நான் யோசித்ததில்லை. சித்தப்பா சொல்லாதே என்றதையும் மறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய அதிசயம் கண்டுவந்தவள்போலச் சொன்னேன்.

"சின்னம்மா, நம்ம காட்டுல ஆடெல்லாம் ஒரே எடத்துல மண்ணை நக்குதுங்க. நானும் நக்கிப் பாத்தனுங்க. உப்புக் கரிக்குது."

அவள் மெல்லத் திரும்பினாள்.

"எந்த எடம் சாமி?"

"தெக்கால, வெள்வேல மரத்தடில. சித்தப்பா முள்ளுப் போட்டும் ஆடு கேக்கல."

அவள் என்னை இழுத்து, சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்தாள். உதடு எரியும்வரை துடைத்தாள். பிறகு எழுந்தாள். மூன்று மாதமாக எழாதவள் சமையல்கட்டுக்குப் போய் உப்புப் பானையைக் கவிழ்த்து, புற்றுமண்ணோடு பிசைந்து, காயக்கூட விடாமல் கூடையில் அள்ளி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அவள் மரத்தின் பக்கம் திரும்பவில்லை. நேரே வடகோடிப் பாறைக்குப் போய் உருண்டைகளை வைத்து, "பா... பா..." என்று ஆடுகளைக் கூப்பிட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. மறுபடியும் மரத்தடிக்கே போயிருந்த ஆடுகள் தலை தூக்கின. ஒவ்வொன்றாகக் காட்டைக் கடந்து அவளிடம் வந்தன.

அவை பாறையை நக்க ஆரம்பித்த பிறகுதான் சின்னம்மா அந்த மரத்தடிக்குப் போனாள். குழியைக் கையால் மூடிவிட்டு, பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சித்தப்பா எட்டி நின்றார். கிட்டே போகவில்லை.

உப்பு வண்டி வரும்வரை உப்பில்லாமல்தான் சாப்பிட்டோம். உப்புக் கல் ஒன்று கீழே சிந்தினாலும் திட்டுகிற அம்மா வாயே திறக்கவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணமாகி, என் முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. நான் பாயில் கிடந்தபோது கொழுந்தன் வாசற்படியில் நின்று, "குழிக்குள்ள போட உப்பு வேணும்" என்று மாமியாரிடம் கேட்டது காதில் விழுந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. பெற்றவளுக்கு அந்த இடத்தைச் சொல்ல மாட்டார்களாம்.

சின்னம்மாவுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.