அரிசிக்குள் வைத்த முடிச்சு

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், அரிசி களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து ஒரு டின்னில் போட்டுவைக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதை ஆலயத்துக்குக் கொண்டுபோவோம். இல்லாத குடும்பங்களுக்குப் போகும். நாம் சமைக்கிற அரிசியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம்.

நான் அப்படிச் செய்து பல வருடங்கள் ஆகின்றன. காலையில் பள்ளிக்கூட வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் அந்த ஒரு பிடி மறந்துபோகும். அதனால் மாதக் கடைசியில், நாங்கள் தொடாத ரேஷன் அரிசியை மொத்தமாக டின்னில் கொட்டிவிடுவேன். எங்களுக்குப் பொன்னி, கர்த்தருக்கு ரேஷன் அரிசி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதம் டின்னில் வண்டு வைத்துவிட்டது. எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்துத்தான் பிரிப்பார்கள். டீச்சர் வீட்டு அரிசியில் வண்டு என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த வெட்கத்துக்குப் பயந்து அரிசி மண்டியில் போய், மூட்டைகளுக்கு நடுவே வைக்கிற பூச்சி மாத்திரை ஒன்று கேட்டேன்.

“ஊட்டுக்கெல்லாம் வேணாம் டீச்சர், இது குடோனுக்கு வெக்கிறது. இதுலருந்து வர்ற காத்தே ஆளை அடிச்சுடும்” என்றார் மண்டிக்காரர்.

மொட்டை மாடியில்தான் வைப்பேன், இரண்டே நாள் என்று வற்புறுத்தி வாங்கினேன். பழைய கைக்குட்டை ஒன்றில் மாத்திரையை வைத்து, நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு அரிசிக்குள் புதைத்தேன். கைக்குட்டையின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை இருந்தது. மகள் ஞாயிறு பள்ளியில் படித்தபோது தைத்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு, அரிசியை வெயிலில் பரப்பலாம் என்று மாடிக்குப் போனேன். டின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

மகள் கல்லூரி இரண்டாம் வருடம். சனிக்கிழமையும் வகுப்பு. ஐந்தாவது முறை போன் செய்தபோதுதான் எடுத்தாள்.

“டின்ல இருந்த அரிசி எங்கடி?”

“குடுத்துட்டேம்மா. நேத்து சாயங்காலம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுல பூ விப்பாங்கல்ல, அந்த அக்காவுக்கு. ரெண்டு நாளா வீட்ல அரிசியே இல்லையாம்.”

“நாளைக்கு சர்ச்சுக்குக் கொண்டுபோகணும்னு தெரியாதா?”

“சர்ச்சுக்குப் போயி, புடைச்சு, லிஸ்டு போட்டு, அப்புறம்தானே குடுப்பாங்க? அந்த அக்காவுக்கு நேத்தே பசிச்சுதும்மா.”

“அதுல ஒரு துணி முடிச்சு இருந்துச்சே, பாத்தியா?”

“இல்லையே. அப்படியே பையில கவுத்துட்டேன். ஏம்மா, என்ன முடிச்சு?”

“ஒண்ணுமில்ல. வீடு எங்க சொல்லு.”

நூம்பலில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் வீடுகளில் கடைசி வீடு என்றாள். பூக்கார அக்காவிடம் போன் இல்லை.

ஆட்டோ ஏறினேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவில் வண்டிகள் ஊர்ந்தன. “கொஞ்சம் சீக்கிரம் போப்பா” என்று நான் மூன்றாவது முறை சொன்னபோது ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இன்னா மேடம், பறந்தா போக முடியும்? ஊட்ல அடுப்ப அணைக்காம வந்துக்கினியா?”

ஜெபம் செய்ய முயன்றேன். ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

பூக்கார அக்கா வாசலில் உட்கார்ந்து சாமந்தி கட்டிக்கொண்டிருந்தாள். மகளின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

“பாப்பாவோட அம்மாவா? உள்ள வா டீச்சரக்கா. உன் பொண்ணு தங்கம். நேத்து அது குட்த்த அரிசிலதான் புள்ளைங்களுக்கு உலை வெச்சேன்.”

“அதுல ஒரு முடிச்சு…”

“ஆமாக்கா, இருந்துச்சு. சிலுவ போட்டது. ஜெபம் பண்ணி வெச்சிருப்பீங்கன்னு தெர்ஞ்சுகினேன். பத்திரமா குட்த்துட்டேன்.”

“குடுத்துட்டியா? யாருக்கு?”

“பின்னாடி தகரக் கொட்டாயில ஒரு இந்திக்காரப் பொண்ணு கீது. மெட்ரோ வேலைக்கு வந்ததுங்க. ரேஷன் கார்டு கூட இல்ல. அரிசில பாதி அதுக்குத்தான் குட்த்தேன். கைக்கொழந்த நாலு நாளா இருமிக்கினே கீது. அதான் முடிச்ச தூளியில கட்டிவுட்டேன். எங்க ஊட்ல வெச்சிக்கலாம்னுதான் நெனச்சேன், ஆனா அதுக்குத்தான தேவ ஜாஸ்தி?”

நான் ஓடினேன். அவளும் பூவை உதறிவிட்டு என் பின்னால் ஓடிவந்தாள்.

தகரக் கொட்டகைக்குள் வெக்கை அடித்தது. மூங்கில் கம்பிலிருந்து ஒரு சேலைத் தூளி தொங்கியது. அதன் தலைப்பக்கத்தில், குழந்தையின் முகத்துக்கு ஒரு முழம் மேலே, என் மகளின் சிலுவை. பூண்டு அழுகியதுபோல ஒரு நாற்றம். முடிச்சைப் பிய்த்து வெளியே எறிந்தேன். குழந்தையை வாரி எடுத்தேன். அதன் தாய், பதினெட்டு பத்தொன்பது வயதிருக்கும், அலறிக்கொண்டு என் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினாள். நான் ஏதோ பொல்லாதவள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அவள் நினைத்ததில் தவறில்லை.

“இன்னாக்கா? இன்னா அது?” என்றாள் பூக்காரி.

“ஒண்ணுமில்ல, கற்பூரம் மாதிரி. குழந்தைக்கு ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா.”

கற்பூரம் என்று சொன்னேன். அந்த நேரத்திலும் பொய்தான் முதலில் வந்தது.

குழந்தை இருமியது. பூக்காரி சைகையிலும் பாதி இந்தியிலும் அந்தப் பெண்ணுக்குப் புரியவைத்து ஆட்டோவில் ஏற்றினாள். குழந்தையின் இருமல் பழைய இருமலா, அந்தக் காற்றினால் வந்ததா? ஒவ்வொரு இருமலுக்கும் நான் என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்திலிருந்த சிறிய ஆஸ்பத்திரியில், குழந்தைக்கு ஏதோ மருந்து நெடி பட்டுவிட்டது என்றேன். மருத்துவர் குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே கேட்டார்: “என்ன மருந்து? சரியா சொல்லுங்க. நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் பாக்க முடியும்.”

பூக்காரி என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொன்னேன். அரிசியில் வண்டு இருந்தது, குடோனில் வைக்கும் மாத்திரை, நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நீங்க படிச்சவங்கதானே?”

குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். வெளியே பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவளுடைய சாமந்தி அங்கே வெயிலில் வாடிக்கொண்டிருக்கும். அவள் எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. அந்த இளம் தாயின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“அரிசிய நாங்க துன்னுட்டோமே டீச்சரக்கா” என்றாள் கடைசியில்.

உடனே மருத்துவரிடம் ஓடிக் கேட்டேன். அரிசியில் நன்றாகக் காற்றுப் பட்டிருந்தால், கழுவிச் சமைத்திருந்தால் பயமில்லை, ஆனால் மீதியைக் கொட்டிவிடுங்கள் என்றார். வந்து அதைச் சொன்னேன். பிறகு, அவள் கேட்காததையும் சொன்னேன்.

“அது நாங்க சாப்பிடுற அரிசி இல்லம்மா. எங்களுக்கு வேணாம்னு வெச்சிருந்த அரிசி.”

“அது தெரியும். பொன்னியா, ரேஷனான்னு எங்களுக்குத் தெரியாதா?” என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அது என்னை இன்னும் குறுக்கியது.

மாலை ஐந்து மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். குழந்தை பால் குடிக்கலாம் என்றார். இருமல் சளியினால்தான் என்றார். “கொட்டாய்ல சந்து பொந்து இருந்ததால தப்பிச்சுது. இன்னும் ஒரு ராத்திரி அங்கயே கட்டியிருந்தா…” என்று ஆரம்பித்து, தாயைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூக்காரி என் முழங்கையைப் பிடித்தாள்.

“டீச்சரக்கா, உன் பாப்பாகிட்ட சொல்லாத.”

“எப்படிச் சொல்லாம இருக்கறது? தெரியாமச் செஞ்சுட்டாளே.”

“அதான் சொல்றேன். தெர்ஞ்சா பயந்துக்கும். அப்பால யாருக்குக் குடுக்கப் போனாலும் கை நடுங்கும். அது நல்லா குடுக்கற கையி. அத்த நீ கெடுக்காத.”

தன் பிள்ளைகளுக்கு ஊட்டிய சோற்றில் விஷம் இருந்திருக்கலாம் என்று தெரிந்த ஒருத்தி, என் பிள்ளையின் கையைப் பற்றிக் கவலைப்பட்டாள். இத்தனை வருடம் நான் கேட்ட பிரசங்கங்களில் எதுவும் என்னை இப்படி உலுக்கியதில்லை.

மறுநாள் காலை எங்கள் வீட்டுப் பொன்னியைப் பிரித்து இரண்டு பைகளில் நூம்பலுக்குக் கொண்டுபோனேன். ஆலயத்துக்கு வெறுங்கையோடு போனேன். பெண்கள் ஐக்கியத்தில் ஏன் என்று கேட்டார்கள். “வண்டு வெச்சுடுச்சு” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. பூக்காரி கேட்டுக்கொண்டதற்காகவா, என் வெட்கத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. டின்னை மாடியிலிருந்து சமையலறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி போடுகிறேன். போடுவதற்கு முன், டின்னின் அடிவரை கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன். நேற்று மகள் பார்த்துவிட்டாள்.

“என்னம்மா தேடுற?”

“வண்டு இருக்கான்னு பாக்கறேன்” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே குனிந்து, தன் பங்குக்கு இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.