எஃப் ஒன்னை அழுத்தவும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பொடியெழுத்து. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை முழுக்கப் படித்த பிறகுதான் மாத்திரையை விழுங்குவாள். அதற்குள் பாதித் தலைவலி தானே போய்விடும். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது நின்ற இடத்திலேயே பக்கம் முழுதும் படித்து, மாப்பிள்ளையின் பிறந்த வருடம் தப்பு என்று திருத்த வைத்தாள். மாப்பிள்ளைக்கு அன்று இரண்டு வயது கூடியது. அவர் பேருந்து ஓட்டுநர். எப்போதாவது அவருடைய வண்டியிலேயே வீடு திரும்ப நேர்ந்தால், ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருப்பதால், இறங்கும்வரை அவரோடு பேச மாட்டாள். அந்தப் பயணங்கள் தனக்குப் பிடிக்கும் என்று அவர் தம் தங்கையிடம் சொல்லியிருக்கிறார்.

நாற்பத்தாறாவது வயதில் அவளைக் குடிநீர்ப் பிரிவிலிருந்து பிறப்பு இறப்புச் சான்றிதழ் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு மேலாளர், ஒரு பதிவேட்டு எழுத்தர், வாசலில் ஒரு கடைநிலை ஊழியர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு கணினி. பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனவர் அரைத் தாளில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். காலையில் ஆன் செய்ததும் எஃப் ஒன்னை அழுத்தவும். இருபது நிமிடத்தில் தானாக அணையும். அரை மணி நேரம் ஆறவிடவும். மறுபடி எஃப் ஒன்.

கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகடு கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. திறந்த வயிற்றுக்கு நேராக ஒரு மேசை விசிறி ஓடியது. அறையில் இருந்த ஒரே விசிறி அதுதான். கணினியின் உபயோகத்துக்கு என்று இருப்புப் பதிவேட்டில் ஏறியிருந்ததால் அதை மனிதர் பக்கம் திருப்பக் கூடாது. மனிதர்கள் வியர்த்தபடி உட்கார்ந்து, கணினி காற்று வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருபது நிமிடம் வேலை, அரை மணி நேரம் ஓய்வு என்ற கணக்குக்கு அந்தப் பிரிவு எப்போதோ பழகிவிட்டது. முதல் ஓய்வில் தேநீர். இரண்டாவதில் எழுத்தர் பதிவேட்டின் மேல் கன்னத்தை வைத்து ஒரு தூக்கம் போடுவார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களிடம், மிஷின் படுத்துவிட்டது, அரை மணி ஆகும் என்று ஊழியர் அறிவிப்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் டாக்டரின் தோரணை இருக்கும்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் அவளும் எஃப் ஒன்னை அழுத்தினாள். திரையில் ஏதோ இரண்டு வரி வரும். கண் போவதற்குள் விரல் போய்விடும்.

நான்காவது வாரம் ஒரு பெரியவர் மனைவியின் இறப்புச் சான்றிதழுக்கு வந்தார். விவரங்களைப் பாதி அடிக்கையில் கணினி அணைந்தது. அரை மணி கழித்து மறுபடி முதலிலிருந்து அடித்தாள். அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை தாள் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கோபப்படவில்லை.

"பரவாயில்லம்மா. அவளும் எங்கயும் ஒரே தடவையில கிளம்பினதில்ல" என்றார்.

அன்று வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கணவர் கேட்டதற்கு, ஒரு விஷயத்தைப் படிக்காமல் விட்டுவிட்டேன் என்றாள். அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை கணினியை ஆன் செய்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு வரிகளும் போகாமல் நின்றன. செயலியின், அதாவது பிராசஸரின், விசிறி பழுது என்றது முதல் வரி. தொடர எஃப் ஒன்னை அழுத்தவும் என்றது இரண்டாவது. இத்தனை நாளும் எல்லோரும் இரண்டாவது வரிக்கு மட்டும் கீழ்ப்படிந்திருந்தார்கள்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்குப் போன் போட்டாள். அது எப்போதும் வருவதுதான், அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றார் அவர். அலமாரியில் கணினியின் கோப்பு இருந்தது. அதை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எட்டு வருடத்துக் கதை. வைரஸ் என்று இரண்டு முறை எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றியிருந்தார்கள். மின்சாரம் ஏறி இறங்குகிறது என்று ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தார்கள். வெயில் படுகிறது என்று ஜன்னலுக்குப் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். கடைசியாக அந்த மேசை விசிறி. தலைவலிக்காரனுக்குத் தலையைத் தவிர மற்ற இடமெல்லாம் பற்றுப் போட்டிருந்தார்கள்.

கணினியின் அமைப்புத் திரையில் செயலியின் சூடு தெரியும் என்று அதனோடு வந்த கையேட்டில் போட்டிருந்தது. அந்தக் கையேடு உறை பிரிக்காமல் இருந்தது. திரையைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டாள். அறுபத்தொன்று. எழுபத்திரண்டு. எண்பத்து மூன்று. தொண்ணூற்று நான்கு. பிறகு அணைந்துவிட்டது. விசிறியின் சுற்று என்ற இடத்தில் கடைசிவரை பூஜ்யமே இருந்தது.

இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கணவரின் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தாள். தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளத் தள்ள, அடியில் சின்னதாக ஒரு விசிறி தெரிந்தது. அதன் அச்சைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு கயிறு. கோப்புகளைக் கட்டுகிற, இரண்டு முனையிலும் தகரம் வைத்த கயிறுதான். தூசி தட்டத் திறந்த ஏதோ ஒரு நாளில், மேலே வைத்த கோப்பிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

கத்தரித்து எடுத்துவிட்டு, இணைப்பைக் கொடுத்து ஆன் செய்தாள். விசிறி முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. அந்த இரண்டு வரிகளும் வரவில்லை. எழுத்தரும் ஊழியரும் பின்னால் வந்து நின்றார்கள். நாற்பது நிமிடம் ஓடியது. ஐம்பது நிமிடம் ஓடியது. ஒரு மணி நேரம் முடிகிற சமயத்தில் அணைந்துவிட்டது. ஊழியர் வாசலுக்குப் போய், அரை மணி ஆகும் என்றார்.

அவள் மறுபடி உட்கார்ந்து யோசித்தாள். விசிறி சுற்றுகிறது, சூடு மட்டும் மெதுவாக ஏறுகிறது. அப்படியானால் செயலியின் சூடு விசிறி வரைக்கும் வந்து சேரவில்லை. இதை அப்படியே போனில் சொன்னதும் ஒப்பந்தக்காரர் அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நாளைக்கே வருகிறேன் என்றார். நான்காம் நாள் வந்தார்.

விசிறியையும் அதன் அடியிலிருந்த அலுமினியக் கட்டையையும் கழற்றினார். கட்டைக்கும் செயலிக்கும் நடுவில் பூசியிருந்த பசை காய்ந்து, சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கட்டையைப் பிடிக்கும் நான்கு முளைகளில் ஒன்று சரியாக மாட்டவும் இல்லை. ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. யார் மாட்டியது என்று அவள் கேட்டாள். நான்தான் என்றார். பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பசையைப் பயறளவு வைத்து, நான்கு முளைகளையும் சத்தம் கேட்கும்வரை அழுத்தினார். சாயங்காலம் வரை கணினி நாற்பத்தேழு டிகிரியைத் தாண்டவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. கடுமையான தட்பவெப்பம் காரணமாக ஏற்பட்ட பழுது சரிசெய்யப்பட்டது என்று மேலாளர் எழுதி அவள் கையெழுத்துக்கு நீட்டினார். அவள் படித்தாள்.

"இதுல கயிறு எங்க சார்?"

"கயிறுன்னு எழுதினா, எட்டு வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்கம்மா. பாதிப் பேரு ரிட்டயரே ஆயிட்டாங்க."

"மூணு வாரம் நானும் அழுத்தியிருக்கேன் சார். அதையும் சேத்து எழுதிக்கலாம்."

மேலாளர் பேனாவை மூடினார், திறந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது, அவ்வளவுதான். கடைசியில் தாளைத் திரும்ப வாங்கி, விசிறி பழுது, கயிறு, பசை, முளை, எட்டு வருடம், மூன்று வாரம் எல்லாவற்றையும் எழுதினார். அவள் பெயருக்கு மேலே தம் கையெழுத்தையும் போட்டார். அன்று சாயங்காலம் தமக்கு மட்டும் தேநீர் வரவழைத்தார். மறுநாள் அவரே அவளுக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார்.

ஒரு மாதத்தில் வெளியே இருந்த பெஞ்ச் காலியானது. வந்தவர்கள் உட்காருவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. ஊழியருக்கு அறிவிக்க ஒன்றும் இல்லாததால் பொழுது போகவில்லை. எழுத்தர் உடல்நிலையைக் காரணம் காட்டி, கொஞ்சம் பழைய கணினி இருக்கும் பிரிவாகப் பார்த்து மாற்றல் கேட்டார். யார் எத்தனை வருடம் அழுத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் தலைமை அலுவலகத்தின் பதில் வந்தது. தங்கள் பிரிவின் விசிறி பழுது குறித்த அறிக்கை பரிசீலிக்கப்பட்டு, புதிய கூரை விசிறி ஒன்று அனுமதிக்கப்படுகிறது என்று இருந்தது. மேலாளர் அதை இரண்டு தடவை படித்தார். வியர்க்கிறது, விசிறி வேண்டும் என்று அவர் தனியாக மூன்று முறை எழுதிப் போட்டிருக்கிறாராம். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லையாம்.

திருத்தி எழுதலாமா என்று அவளைக் கேட்டார். அவள் யோசித்துவிட்டு, விசிறி பழுது என்று நாம் எழுதியது உண்மைதானே என்றாள்.

மின் பணியாளர் ஏணியோடு வந்து, எங்கே மாட்டுவது என்று கேட்டார். மேலாளர் அறையை அளப்பதுபோல் ஒருமுறை நடந்தார்.

"நடுவுல போடுங்க" என்றார். "எல்லாருக்கும் வரட்டும்."